சேம அச்சு

மரக்காணத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது பின் டயர் இரண்டாவது தடவையாகப் பஞ்சரானது. முதல் பஞ்சர் கல்பாக்கம் தாண்டியவுடன். கையில் இருந்த ஒரே மாற்று டியூபை அங்கேயே செலவழித்திருந்தேன். சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போய்த் திரும்புகிற 300 கிலோமீட்டர் ஓட்டம் அது. இருபது மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். காலை ஒன்பதரை ஆகியிருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம். மேலிருந்து அடிக்கிற வெயில் போதாதென்று கீழிருந்தும் அடித்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஊருக்குள் போய் ஒரு பஞ்சர் கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் என் சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். கார்பன் ஃபிரேம், எட்டு கிலோ. “காத்தாட்டம் இருக்கு” என்றார். டியூபை ஒட்டிக் கொடுத்தார். காற்றடிக்கும்போதுதான் சிக்கல். என் டியூபில் இருப்பது பிரெஸ்டா வால்வு. பிரெஞ்சு வால்வு என்றும் சொல்வார்கள். மெலிந்து நீண்டு, நுனியில் ஒரு குட்டித் திருகு வைத்தது. அவருடைய பம்பு அதைப் பிடிக்க மறுத்தது. கடைசியில் என்னுடைய விரல் நீளப் பம்பில் முந்நூறு தடவை அடித்து ஒருவழியாக ஏற்றினேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கிளம்பும்போது கேட்டார்: “எல்லாம் சரி தம்பி. கேரியர் இல்லாத சைக்கிள் என்னாத்துக்கு?”

பதில் சொல்லத் தெரியவில்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கு நான் நேரத்துக்குள் முடிக்கவில்லை. நடுவில் அப்பா போன் செய்தார். எங்கே இருக்கிறாய் என்றார். மரக்காணம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு சொன்னார்: “எங்கப்பா அங்க இருந்துதான் உப்பு எடுப்பாரு.”

எனக்கு முப்பத்தி நாலு வயது. தாத்தா ‘வியாபாரம்’ செய்தார் என்பது மட்டும்தான் அதுவரை எனக்குத் தெரியும். என்ன வியாபாரம் என்று நான் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

*

நான் ஓட்டிக்கொண்டிருந்த ஓட்டத்துக்கு ‘ப்ரெவே’ என்று பெயர். பிரெஞ்சு வார்த்தை, சான்றிதழ் என்று அர்த்தம். போட்டி கிடையாது. முதலில் வருகிறவனுக்குக் கோப்பையும் கிடையாது. 200, 300, 400, 600 என்று தூரங்கள். 200-ஐப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும், 600-ஐ நாற்பது மணி நேரத்துக்குள். வழியில் சில இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். பாரிஸில் இருக்கும் ஒரு சைக்கிள் சங்கம்தான் உலகம் முழுக்க நடக்கும் இந்த ஓட்டங்களை அங்கீகரிக்கிறது. இதன் உச்சம் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர். 1891-ல் தொடங்கியது, இப்போது நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, தொண்ணூறு மணி நேர அவகாசம். என்னைப்போல மென்பொருள் வேலையில் இருக்கிற ஏகப்பட்ட பேருக்கு அது ஒரு கனவு. இரவு பதினோரு மணிக்கு ஆன்சைட் கால் முடிந்ததும் யூடியூபில் பிரெஞ்சு கிராமத்துச் சாலைகளைப் பார்ப்போம். ஏறி இறங்கும் மேடுகள், திராட்சைத் தோட்டம், கல் வீடு, ஜன்னலில் பூந்தொட்டி, சாலையோரம் நின்று கை தட்டும் பாட்டி. நானும் பார்த்துப் பெருமூச்சு விட்டவன்தான்.

அப்பாவின் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நான் கிழக்குக் கடற்கரைச் சாலையை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். படிக்க என்றால் நிஜமாகவே படிக்க. மாமல்லபுரம், கல்பாக்கம் எல்லாம் தாண்டிப் பாண்டிச்சேரியை நோக்கிப் போகும்போது ‘இடைக்கழிநாடு பேரூராட்சி’ என்று ஒரு பலகை வரும். கடப்பாக்கம் அதற்குள்தான். பத்துப் பதினைந்து தடவையாவது அந்தப் பலகையைக் கடந்திருக்கிறேன். சிறுபாணாற்றுப்படையை எழுதியவர் பெயர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் என்பது பள்ளியில் ஒரு மார்க் கேள்வி. பலகையும் ஒரு மார்க் கேள்வியும் ஒரே இடம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. கழிகளுக்கு இடையில் இருக்கும் நாடு. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

ஆற்றுப்படை என்பது வழி காட்டும் பாட்டு. வள்ளலிடம் பரிசு வாங்கித் திரும்புகிற பாணன், எதிரே பசியோடு வரும் இன்னொரு பாணனிடம், இன்ன வழியில் போ, இன்ன ஊர் வரும், அங்கே இன்னது சாப்பிடக் கிடைக்கும் என்று சொல்வது. சிறுபாணாற்றுப்படையில் போய்ச் சேர வேண்டிய ஆள் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். 269 அடிகள். வழி இப்படி: முதலில் கடலோரம் எயிற்பட்டினம். அங்கே பரதவர் வீட்டில் தேறலும் சுட்ட குழல் மீனும். அடுத்து முல்லை நிலத்து வேலூர். அங்கே எயினர் வீட்டில் புளி போட்டுச் சமைத்த சுடுசோறும் ஆமான் இறைச்சியும். அடுத்து வயல்கள் சூழ்ந்த ஆமூர். உழவர் வீட்டில் வெள்ளைச் சோறும் நண்டுக் குழம்பும். அதற்குப் பிறகு கிடங்கில், நல்லியக்கோடனின் ஊர்.

எயிற்பட்டினம்தான் மரக்காணம் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். கிரேக்க மாலுமிக் குறிப்பான பெரிப்ளூஸில் வரும் ‘சோபட்மா’ துறைமுகமும் இதுதான் என்று கருதுகிறவர்கள் உண்டு. வேலூரை இன்றைய உப்புவேலூர் என்றும், ஆமூரைத் திண்டிவனம் பக்கத்து நல்லாமூர் என்றும் அடையாளம் காட்டுகிறார்கள். கிடங்கில் இன்றைக்குத் திண்டிவனம் ஊரின் ஒரு பகுதி. கோட்டையின் மிச்சம் இருக்கிறது.

ஒரு ரேண்டனருக்கு, அதாவது ப்ரெவே ஓட்டுகிறவனுக்கு, இந்தப் பாட்டு என்னவென்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ரூட் ஷீட்! கன்ட்ரோல் 1, கன்ட்ரோல் 2, எங்கே சாப்பாடு, எங்கே தங்கலாம். கடற்கரை, காடு, வயல் என்று நிலம் மாறுவதுகூடச் சொல்லப்பட்டிருக்கிறது. முத்திரைக்குப் பதிலாக நண்டுக் குழம்பு. நான் ஓட்டியதிலேயே நல்ல ப்ரெவேயின் சாப்பாடு வாழைப்பழமும் உப்புப் பிஸ்கட்டும்தான்.

*

ஆனால் பாணர்கள் இந்த வழியில் போனார்கள் என்றால், வழியைப் போட்டது யார்? அவர்களுக்குத் தனியாக யாரும் சாலை போட்டிருக்க மாட்டார்கள். மாடும் வண்டியும் போன தடத்தில் யாழைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார்கள். அந்தத் தடத்துக்குச் சொந்தக்காரர்கள் உமணர்கள், உப்பு வணிகர்கள்.

சங்கப் பாடல்களில் உமணர்கள் வராத இடமே இல்லை. நெய்தலில் விளைந்த உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி, வரிசை வரிசையாக உள்நாட்டுக்குப் போவார்கள். குடும்பமே வண்டியோடு போகும். பெரும்பாணாற்றுப்படையில் ஒரு உப்பு வண்டி வருகிறது. அதில் கோழிக்கூடு இருக்கிறது, உரல் இருக்கிறது, ஊறுகாய்ப் பானை தொங்குகிறது. பக்கத்தில் பிள்ளையோடு ஒரு பெண் மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறாள். சிறுபாணாற்றுப்படையில் கொற்கையைச் சொல்லும் இடத்தில் உமணர்களோடு ஒரு பெண் குரங்கும் பயணம் செய்து வந்திருக்கிறது. அது கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டு, உமணர் பிள்ளைகளோடு சேர்ந்து கிலுகிலுப்பை ஆட்டுகிறது. முத்து எங்கே கிடந்தால் என்ன, அவர்களுக்குக் காசு உப்பில்தான்.

உள்நாட்டு ஊர்த் தெருக்களில் உமணப் பெண்கள் நெல்லுக்குச் சரி அளவு உப்பு என்று கூவி விற்றதை அகநானூறு சொல்கிறது. ஒரு படி நெல், ஒரு படி உப்பு. இந்தக் கணக்கு எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. உப்பு அவ்வளவு விலை உயர்ந்ததா என்று. தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் நியாயம் புரிகிறது. உப்புக்கு விலை கிடையாது, சுமப்பதற்குத்தான் விலை.

புறநானூற்றில் ஔவையார் பாடிய ஒரு சின்னப் பாட்டு இருக்கிறது, 102-வது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ்வது. மாடுகளோ இளசு, நுகம் பழகாதவை. வண்டியிலோ ஏகப்பட்ட சுமை. மேட்டிலும் பள்ளத்திலும் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் உமணர்கள் வண்டிக்குக் கீழே இன்னொரு அச்சைக் கட்டி எடுத்துப்போவார்களாம். சேம அச்சு. ஸ்டெப்னி. ஒரு இளவரசனைப் புகழ இதைவிட நல்ல உவமை இருக்க முடியாது என்று ஔவைக்குத் தோன்றியிருக்கிறது. கல்பாக்கத்தில் ஒரே டியூபையும் செலவழித்துவிட்டு மரக்காணத்தில் நடந்தவன் என்ற முறையில் நானும் அதை ஒப்புக்கொள்கிறேன்.

*

கடப்பாக்கத்தில் சாலையை விட்டுக் கடல் பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. சுண்ணாம்புக் காரை உதிர்ந்து செங்கல் தெரிய நிற்கும் மதில்கள், அந்தப் பக்கம் கழி, அதற்கும் அந்தப் பக்கம் மணல் திட்டும் கடலும். 18-ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாப்புகள் காலத்தில் எழுந்த கோட்டை. 1750-ல் முசாபர் ஜங், தனக்குச் செய்த உதவிக்காக இதைத் துய்ப்ளேக்குக் கொடுத்தார். பத்தே வருஷம். 1760-ல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்துவிட்டார்கள். இங்கே கப்பல் துறையும் நாணயச் சாலையும் இருந்தன. சரிகைத் துணி, நெய்யோடு உப்பும் ஏற்றுமதியானது. இப்போது சனி ஞாயிறில் குறும்படம் எடுக்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் உப்புக்கும் பழைய பகை உண்டு. புரட்சிக்கு முன்னால் பிரான்சில் ‘கபேல்’ என்று ஒரு உப்பு வரி இருந்தது. நாட்டின் ஒரு பகுதியில் எட்டு வயதைத் தாண்டிய ஒவ்வொரு ஆளும் வருஷத்துக்கு இவ்வளவு உப்பு அரசாங்கக் கிடங்கில் வாங்கியே ஆகவேண்டும் என்று சட்டம். வேண்டாம் என்றாலும் வாங்க வேண்டும். ஆனால் பிரிட்டனி மாகாணத்தில் இந்த வரி இல்லை. அங்கே கெராந்த் என்ற ஊரில் மரக்காணம் மாதிரியே பாத்தி கட்டி உப்பு விளைகிறது. ஆக, எல்லைக்கு அந்தப் பக்கம் உப்பு மலிவு, இந்தப் பக்கம் பல மடங்கு. விளைவு என்னவென்று சொல்லவே வேண்டாம். ஆண்கள், பெண்கள், சிறுவர்கள் என்று உப்புக் கடத்தினார்கள். பிடிபட்டவர்களைத் துடுப்பு வலிக்கும் கப்பல்களுக்கு அனுப்பினார்கள். 1790-ல் புரட்சி அரசு கபேலை ஒழித்தது. 1806-ல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார். அது முழுசாக ஒழிய இரண்டாம் உலகப் போர் முடிய வேண்டியிருந்தது. நான் யூடியூபில் பார்த்துப் பெருமூச்சுவிட்ட சாலைகளில் சிலவற்றில் உப்பு மூட்டையோடு ஓடியிருக்கிறார்கள்.

இங்கே கம்பெனி 1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அளக்காரர் உப்பை விளைவித்துக் கம்பெனியிடம் மட்டும்தான் கொடுக்க வேண்டும். அதற்குக் குடிவாரம் என்று ஒரு கூலி கிடைக்கும். கம்பெனி தன் விலைக்கு விற்கும். இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதன் பெயர் பாண்டிச்சேரி. பிரெஞ்சுப் பகுதி என்பது ஒரே துண்டாக இல்லை. வரைபடத்தில் மை சிந்தின மாதிரி, நடுநடுவே பிரிட்டிஷ் கிராமங்களோடு சிதறிக் கிடந்தது. ஒரு வயல் அவர்களுடையது, அடுத்த வயல் இவர்களுடையது. அங்கே உப்பு விளைந்தால் ராத்திரியோடு ராத்திரியாக இங்கே வந்துவிடும்.

கம்பெனி ஆட்கள் இதற்குக் கண்டுபிடித்த தீர்வை ஒரு இன்ஜினியராக நான் ரசிக்கிறேன், மனிதனாக ரசிக்க முடியவில்லை. 1815 மார்ச் 7 அன்று லண்டனில் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. நெப்போலியன் எல்பாவிலிருந்து தப்பி, கிரெனோபிள் பக்கம் தன்னைப் பிடிக்க வந்த படையையே தன் பக்கம் திருப்பிய அதே நாள். ஐரோப்பாவே பதறிக்கொண்டிருந்த சமயத்தில், பதினெட்டாம் லூயியின் ஆட்களும் பிரிட்டிஷ் ஆட்களும் நம்ம ஊர் உப்பைப் பற்றிப் பேசி முடித்தார்கள். இந்தியாவின் பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பை வாங்கும் தனியுரிமை கம்பெனிக்கு. பதிலுக்கு பிரெஞ்சு அரசுக்கு வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய். பாண்டிச்சேரி மக்களுக்கு வேண்டிய உப்பை பிரெஞ்சு அரசு வைத்துக்கொள்ளலாம்; ஆனால் சில்லறை விலை பக்கத்துப் பிரிட்டிஷ் பகுதி விலையை ஒட்டியே இருக்க வேண்டும். கடத்துவதற்கு லாபமே இல்லாமல் செய்துவிட்டால் காவலே தேவையில்லை, பாருங்கள்.

அதுவும் போதவில்லை. 1818-ல் இன்னொரு ஒப்பந்தம். பிரெஞ்சுப் பகுதி அளங்களில் உப்பு விளைவிப்பதையே நிறுத்துவது என்று. தொழிலை இழக்கும் அளக்காரர்களுக்கு ஈடாக வருஷத்துக்கு 4000 நட்சத்திர வராகன். பிரெஞ்சு அரசின் கையில்.

இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வராகன் மூன்றரை ரூபாய் என்று வைத்தால் 4000 வராகன் 14 ஆயிரம் ரூபாய். உரிமையை விற்ற அரசுக்கு 4 லட்சம். காலை உப்பில் வைத்து நின்றவர்களுக்கு, எல்லாருக்கும் சேர்த்து, 14 ஆயிரம். அந்த 4 லட்சம் சுமார் பத்து லட்சம் ஃபிராங்காக மாறி, ‘இந்திய வருமானம்’ என்ற பெயரில் பிரெஞ்சு பட்ஜெட்டில் பல காலம் வந்துகொண்டிருந்தது. பாண்டிச்சேரியின் வெள்ளை நகரத்தில் மஞ்சள் சுவர் முன்னால் நின்று நான் எடுத்த செல்ஃபிகள் நினைவுக்கு வந்தன. அந்தச் சுண்ணாம்பில் எவ்வளவு உப்பு என்று இப்போதெல்லாம் யோசனை ஓடுகிறது.

பிரிட்டிஷ் பக்கம் இருந்த மரக்காணத்தில் அளங்கள் தொடர்ந்தன. பக்கிங்காம் கால்வாயின் தெற்கு முனை இங்கேதான். 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாகச் சென்னைக்குள் கால்வாயை இணைத்தார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வந்தது அதனால்தான். உப்பும் விறகும் இதன் வழியாகப் படகில் சென்னைக்குப் போயின. 1882-ல் மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, 2 ரூபாய் வரி. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது நமக்குத் தெரியும். வரி ஒழிய 1947 ஆனது.

எல்லை மட்டும் ஒழியவில்லை. பாண்டிச்சேரி 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு சேர்ந்த பிறகும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோதனைச் சாவடி இன்றைக்கும் இருக்கிறது. இப்போது சாராயத்துக்கு. அங்கே மலிவு, இங்கே விலை. அதே பழைய கணக்கு. காரை நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். சைக்கிளை யாரும் நிறுத்துவதில்லை. கேரியர் இல்லாத சைக்கிளில் எதைக் கடத்துவது?

*

அடுத்த மார்ச்சில் நான் மரக்காணத்துக்குத் தனியாகப் போனேன், முத்திரை அட்டை இல்லாமல். விடியற்காலை ஐந்தரைக்கே பாத்திகளில் ஆட்கள் இருந்தார்கள். பெண்கள்தான் அதிகம். தலையில் சும்மாடு, அதன் மேல் அன்னக்கூடை, வரப்பில் வரிசையாக நடை. ஆண்கள் நீளக் கழியில் பலகை மாட்டிய கருவியால் பாத்தியிலிருந்து உப்பை வாரி ஓரத்தில் குவித்துக்கொண்டிருந்தார்கள். வெறுங்கால்.

உப்பு விளைவிப்பது தண்ணீரைக் காயவைப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை. கழித் தண்ணீரைத் தேக்கி, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றிக் கெட்டியாக்குவார்கள். இந்தக் கெட்டியை அளக்கும் அலகின் பெயர் பாமே. அந்துவான் பாமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் 1768-ல் உருவாக்கியது. கடல் தண்ணீர் சுமார் 3 டிகிரி. போகும் வழியில் முதலில் ஜிப்சம் படியும். 25 டிகிரியில் உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30-ஐத் தாண்ட விட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். அதற்குள் கசிவு நீரை வடித்துவிட வேண்டும். இந்த நான்கைந்து டிகிரி இடைவெளியில்தான் முழுத் தொழிலும் இருக்கிறது. என்னோடு பேசிய பெரியவர் கருவியெல்லாம் பார்ப்பதில்லை. தண்ணீரின் நிறத்தையும் ஓரத்தில் கட்டும் நுரையையும் பார்த்தே சொல்லிவிடுகிறார்.

பதினோரு மணிக்குக் கடல் காற்று எழுந்தது. சைக்கிள்காரர்கள் எல்லாரும் திட்டுகிற காற்று. பாண்டிச்சேரி நோக்கிப் போகிறவனை முகத்தில் பாதி, விலாவில் பாதி என்று குத்தும். பெரியவர் முகத்தைத் தூக்கி அதை வாங்கிக்கொண்டார். “இது வந்தாத்தான் பூக்கும்” என்றார்.

மழைதான் அவர்கள் பயப்படுவது. அம்பாரங்களைக் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடுவார்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரை வேலை இல்லை. 2020 நவம்பரில் நிவர் புயல் இந்தக் கடற்கரையில்தான் கரையேறியது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல். அந்த ஒரு நாளில் பக்கத்து மயிலத்தில் அரை மீட்டர் மழை. பாத்தி கட்டிய மண் எல்லாம் கரைந்து சேறானால், மறுபடி மிதித்து மிதித்துத் தரை பிடிக்க வைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். பக்கத்தில் இருக்கும் கழுவேலி ஏரியை 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள்; 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பூநாரைகளைப் படம் எடுக்க வருகிறவர்கள் அளத்துக்காரர்களையும் எடுக்கிறார்கள். “எங்களையும் பறவையாட்டம் புடிக்கிறாங்க” என்றார் ஒரு அக்கா. நான் மொபைலைப் பையில் போட்டுக்கொண்டேன்.

*

தாத்தாவைப் பற்றி அப்பாவிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்க முடிந்தது.

1950-களின் கடைசியில் அவர் ஒரு ஹெர்குலிஸ் வாங்கினார், செகண்ட் ஹேண்ட். சென்னை அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் உள்ளூரிலேயே சைக்கிள் செய்ய ஆரம்பித்த பிறகுதான் அவர் மாதிரி ஆட்களுக்கு சைக்கிள் எட்டும் பொருளானது. அதற்கு முன்னால் வண்டிக்காரர்களிடம் உப்பு வாங்கித் தலைச்சுமையாக விற்றவர். சைக்கிள் வந்ததும் திண்டிவனத்திலிருந்து நேராக மரக்காணம் போய் அளத்திலேயே வாங்கத் தொடங்கினார். ஒரு வழிக்கு 35-40 கிலோமீட்டர். திரும்பி வரும்போது நூறு கிலோ உப்பு. முருக்கேரி, பிரம்மதேசம் என்று வழி நெடுக ஊருக்குள் நுழைந்து கூவி விற்றுக்கொண்டே வருவார். காசு பாதிதான். மீதி நெல், கேவுரு, மல்லாட்டை. திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். சில வீடுகளில் புளியும் கொடுத்திருக்கிறார்கள். உப்பைக் கொடுத்துப் புளி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் என் தாத்தா.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம். எயிற்பட்டினத்திலிருந்து கிடங்கில். இதை நான் அப்பாவிடம் உற்சாகமாகச் சொன்னபோது அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. “அப்ப ரோடு இப்பிடி இருக்காது” என்றார், அவ்வளவுதான்.

அவர் ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு மெல்லத்தான் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் அவருக்கு ‘உப்பு மூட்ட’ என்று பட்டப்பெயர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து அரசாங்க குமாஸ்தா வேலைக்குப் போன முதல் சம்பளத்தில் தாத்தாவிடம் சைக்கிளை விற்கச் சொல்லியிருக்கிறார். தாத்தா விற்கவில்லை. இரண்டு பேருக்கும் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லை. தாத்தா எழுபதுகளின் கடைசி வரை ஓட்டினார். பிறகு முட்டி போய்விட்டது. தெருவில் உப்பு விற்பவர்கள் அதற்கப்புறமும் கொஞ்ச காலம் இருந்தார்கள். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்ற தடை 2006-ல் மறுபடி வந்தபோது மிச்சம் இருந்தவர்களும் போனார்கள். கழுத்துக் கழலை நோய்க்கு அது நல்ல மருந்துதான், நான் மறுக்கவில்லை. 2022-ல் தமிழ்நாடு அரசு தன் உப்புக்கு ‘நெய்தல்’ என்று பெயர் வைத்தது. பிளாஸ்டிக் பாக்கெட்டில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுச் சூப்பர் மார்க்கெட்டில் கொஞ்ச நேரம் நின்றேன்.

நான் சைக்கிள் வாங்கியபோது அப்பா விலை கேட்டார். குறைத்துத்தான் சொன்னேன். அப்படியும், “எங்கப்பா மிதிச்சது பத்தலையா?” என்றார். அன்றைக்கு எனக்கு அது பொதுவான புலம்பலாகத்தான் கேட்டது.

அந்த மார்ச் மாதப் பயணத்தில் மரக்காணத்துச் சாலையோரம் ஒரு அம்மாவிடம் இரண்டு கிலோ கல்லுப்பு வாங்கினேன். ஜெர்சியின் முதுகுப் பையில் ஒன்று, சீட்டுக்கடியில் கட்டியது ஒன்று. உள்நாட்டுப் பக்கம் திரும்பித் திண்டிவனம் நோக்கி மிதித்தேன். சவுக்குத் தோப்பு, மல்லாட்டைக் கொல்லை, சாலையோரம் குவித்த தர்பூசணி. தரை மெல்ல மெல்ல உயர்வது மொபைலில் பார்த்தால் தெரியாது, தொடைக்குத் தெரியும். இரண்டே கிலோ. அதிலும் பாதி வழியில் முதுகுப் பை உப்புத் தண்ணீராகக் கசிந்து இடுப்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்குப் போய்ப் பையை மேசையில் வைத்தேன். அப்பா ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். பிறகு வெளியே போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் சைக்கிளின் பின் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். செயினையும் ரிம்மையும் தடவினார்.

“உடனே தொடச்சி எண்ணெய் போடு. உப்புத் தண்ணி பட்டா ஒரே மாசத்துல பொடிஞ்சிரும்” என்றார். பிறகு அச்சைத் தொட்டுக் காட்டினார். “லோடு ஏத்தினா இங்கதான் போகும். எங்கப்பா எப்பவும் பின்சக்கர ஆக்சில் ஒண்ணு கூட வெச்சிருப்பாரு. கந்தத் துணில சுத்தி, பார்ல கட்டி. பிரம்மதேசத்துக்கிட்ட ஒரு தடவ ஒடஞ்சி, ராத்திரில நாந்தான் லாந்தரப் புடிச்சிக்கிட்டு நின்னேன். அவரு மாத்தினாரு.”

“நீங்களும் போவீங்களா அவருகூட?”

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போகும்போது கேட்டார்: “கிலோ என்ன வெல குடுத்த?”

“இருவது ரூபா.”

“நல்லா ஏமாத்திட்டா உன்ன” என்றார்.